கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் ஆற்றல் சிக்கனமும் சேவைத் தரமும்

கம்பியில்லா உணரி வலையமைப்பு என்பது வெப்பம், ஈரப்பதம், அதிர்வு, நீரழுத்தம் போன்றவற்றை அளக்கும் சிறு கருவிகள் பல, ரேடியோ அலை வழியாக ஒன்றோடொன்று தொடர்பு கொண்டு, தாம் அளந்ததை ஓரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் அமைப்பாகும். இக்கருவிகள் ஒவ்வொன்றும் கணு எனப்படும். தரவுகள் சென்று சேரும் இடம் தளநிலையம் எனப்படும். ஒரு கணுவுக்குள் உணரி, நுண்கட்டுப்படுத்தி, ரேடியோ, மின்கலம் ஆகிய நான்கும் இருக்கும். தொலைவில் உள்ள கணுவின் செய்தி நேராகத் தளநிலையத்தை எட்டாது. அடுத்த கணு அதை வாங்கி அதற்கடுத்த கணுவிடம் கொடுக்கும். இப்படிக் கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு தாவல் எனக் குறிப்பிடப்படுகிறது.

இவ்வமைப்புகள் காடு, மலைச்சரிவு, எரிமலை, பாலம், வயல் என மின்கம்பி எட்டாத இடங்களில் வைக்கப்படுகின்றன. ஒருமுறை வைத்துவிட்டு வந்தால் மின்கலத்தை மாற்ற மீண்டும் ஆள் போவது கடினம். சில இடங்களில் இயலாது. எனவே மின்கலத்தில் உள்ள ஆற்றலை எப்படிச் செலவிடுவது என்பதே இத்துறையின் முதல் கேள்வியாக இருந்து வருகிறது. ஆனால் ஆற்றலை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கமானால் கருவியை அணைத்து வைத்துவிடலாம். அளக்க வேண்டியதை அளந்து, சேர வேண்டிய நேரத்தில் சேர்ப்பதற்காகவே அது வைக்கப்பட்டுள்ளது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியே இக்கட்டுரையின் பொருள்.

சேவைத் தரம் என்றால் என்ன?

தொலைபேசியிலும் இணையத்திலும் சேவைத் தரம் என்றால் வேகம், தாமதம், அறுபடாத இணைப்பு ஆகியவற்றை நினைப்போம். உணரி வலையமைப்பில் அதன் பொருள் சற்று விரிவானது. செய்தி எவ்வளவு விரைவில் வந்தது, அனுப்பியவற்றில் எத்தனை வந்தன என்பவற்றோடு, வந்த அளவு எவ்வளவு துல்லியம், அளந்த நேரம் சரியாகக் குறிக்கப்பட்டதா, கண்காணிக்க வேண்டிய பரப்பில் எவ்வளவு பகுதி உண்மையில் கண்காணிக்கப்படுகிறது என்பனவும் தரத்தில் அடங்கும்.

இவற்றுள் எது முக்கியம் என்பது பயன்படுத்துபவரைப் பொறுத்தது. வயலின் ஈரத்தை அளக்கும் கணுவின் செய்தி அரைமணி நேரம் தாமதமாக வந்தாலும் பயிருக்கு ஒன்றும் ஆகாது. காட்டுத்தீயை அறிவிக்கும் கணுவுக்கு அரைமணி என்பது மிக நீண்ட காலம். நில அதிர்வை ஆராய்பவருக்குச் செய்தி மறுநாள் வந்தாலும் போதும், ஆனால் அதிர்வு பதிவான நேரம் நொடியின் சிறு பின்னம் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆகவே பொதுவாகத் ‘தரமான வலையமைப்பு’ என ஒன்றைச் சொல்ல முடியாது. எதற்குத் தரமானது என்று கேட்க வேண்டும்.

மின்கலக் கணக்கு

ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட டிமோட் ஸ்கை என்ற கணுவை எடுத்துக்கொள்வோம். நுண்கட்டுப்படுத்தியும் ரேடியோவும் விழித்திருந்து செய்தியைக் கேட்கும்போது இது ஏறத்தாழ 21.8 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். செய்தி அனுப்பும்போது 19.5 மில்லி ஆம்பியர். ரேடியோவை அணைத்துவிட்டு நுண்கட்டுப்படுத்தி மட்டும் வேலை செய்தால் 1.8 மில்லி ஆம்பியர். இரண்டும் உறங்கினால் 5.1 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே.

இரண்டு ஏஏ மின்கலங்களில் 2500 மில்லி ஆம்பியர்-மணி இருப்பதாகக் கொள்வோம். ரேடியோ எப்போதும் விழித்திருந்தால் 2500-ஐ 21.8-ஆல் வகுக்க, ஏறத்தாழ 115 மணி நேரம் வரும். அதாவது ஐந்து நாள்கூட நிறையாது. எப்போதும் உறங்கினால் கணக்கின்படி 56 ஆண்டுகள் வரும். மின்கலம் தானாகவே அதற்கு வெகு முன்னதாகத் தீர்ந்துவிடும் என்பது வேறு செய்தி. நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் சராசரி மின்னோட்டம் 0.223 மில்லி ஆம்பியராகிறது. ஆயுள் சுமார் 467 நாள், அதாவது பதினைந்து மாதம்.

ஐந்து நாளுக்கும் பதினைந்து மாதத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ரேடியோ எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்ற ஒன்றிலிருந்து வருகிறது. மேலுள்ள எண்களில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கேட்பதற்கு ஆகும் செலவு அனுப்புவதற்கு ஆவதைவிடக் கூடுதல். பேசுவதற்குத்தான் சக்தி வேண்டும், கேட்பதற்கு என்ன செலவு என்று நாம் நினைப்போம். குறைந்த தொலைவு ரேடியோக்களில் அது பொருந்தாது. வருகிற மெல்லிய அலையைப் பிரித்தறியும் மின்சுற்று, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை முதலில் களத்தில் காட்டிய வலையமைப்புகளில் ஒன்று, அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில் 2002-ல் அமைக்கப்பட்டது. மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் ஒருவகைக் கடற்பறவையை மனிதர் அருகில் போய்த் தொந்தரவு செய்யாமல் ஆராய்வதே நோக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், இன்டெல் ஆய்வகம், காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் ஆகியவை இதில் சேர்ந்து உழைத்தன. ஒன்பது மாதம் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை. 2200 மில்லி ஆம்பியர்-மணியை 270 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 8.148 கிடைக்கும். இதுவே ஒவ்வொரு கணுவுக்கும் தினப்படி.

அந்தக் கணுவில் ஒரு செய்திப் பொதியை அனுப்ப 20 நானோ ஆம்பியர்-மணி செலவாகும். ஒரு மில்லி நொடி கேட்க 1.25 செலவாகும். தினப்படி முழுவதையும் அனுப்புவதற்கே செலவிட்டால் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட பொதிகளை அனுப்பலாம். முழுவதையும் கேட்பதற்கே செலவிட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. இன்னொரு வியப்பும் அந்த அட்டவணையில் உண்டு. அளந்ததைக் கணுவின் நிலைநினைவகத்தில் எழுதி வைப்பதற்கு 83 நானோ ஆம்பியர்-மணிக்கு மேல் ஆகும், அனுப்புவதைப்போல் நான்கு மடங்கு. ‘இப்போதைக்குச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பினால் மிச்சம்’ என்ற எளிய யோசனை அந்தக் கருவியில் நட்டக் கணக்காக முடியும். எந்தக் கருவியில் எதற்கு என்ன செலவு என்று அளந்து பார்க்காமல் சிக்கனம் பேச முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உறக்கமும் தாமதமும்

ரேடியோவை உறங்க வைப்பதுதான் வழி என்று தெரிந்தபின் அடுத்த சிக்கல் எழுகிறது. உறங்குகிற கணுவிடம் பேசுவது எப்படி?

2002-ல் வந்த எஸ்-மேக் நெறிமுறை, அண்டைக் கணுக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் உறங்கும்படி செய்தது. 2004-ல் வந்த பி-மேக்கில் இந்த ஒருமித்த அட்டவணை கிடையாது. ஒவ்வொரு கணுவும் தன் போக்கில் அவ்வப்போது விழித்து, அலைவரிசையில் சத்தம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு உறங்கும். அனுப்ப விரும்பும் கணு, எதிர்க் கணு விழிக்கும் வரை போதுமான அளவு நீண்ட முன்குரலைக் கொடுத்து, அதன்பின் செய்தியைத் தரும். கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது போன்றது இது. கேட்பவருக்குச் சிக்கனம், தட்டுபவருக்குச் செலவு. அக்கம்பக்கத்தில் விழித்த கணுக்களும் தமக்குத்தானோ என்று காத்திருந்து ஆற்றலை வீணாக்கும். 2006-ல் வந்த எக்ஸ்-மேக், முன்குரலைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ற முகவரியைச் சேர்த்தது. உரிய கணு இடையிலேயே ‘விழித்துவிட்டேன்’ என்று பதில் தரலாம். மற்றவை உடனே உறங்கப் போகலாம்.

எந்த நெறிமுறையானாலும் அடிப்படைப் பண்டமாற்று ஒன்றே. கணு நொடிக்கு ஒருமுறை 10 மில்லி நொடி விழிக்கிறது என்று கொள்வோம். விழிப்பு நூறில் ஒரு பங்கு. ஒரு தாவலுக்குச் சராசரியாக அரை நொடி காத்திருக்க வேண்டும். ஆறு தாவலில் சராசரி 3 நொடி, மிக மோசமான நிலையில் 6 நொடி. தாமதத்தைப் பத்தில் ஒன்றாக்க விரும்பி நொடிக்குப் பத்து முறை விழிக்கச் செய்தால் விழிப்பு பத்து விழுக்காடாகும். முன்பு பதினைந்து மாதம் வந்த மின்கலம் இப்போது சுமார் 48 நாளில் தீரும். 3 நொடியை 0.3 நொடியாக்கக் கொடுத்த விலை ஓராண்டுக்கும் மேற்பட்ட ஆயுள். பறவை வளைக்கு இந்த விலை வீண். தொழிற்சாலையில் ஒரு வால்வை மூட வேண்டிய கட்டளைக்கு அதுவே மலிவு.

நீண்ட உறக்கம் கடிகாரத்தையும் கெடுக்கும். கணுவின் கடிகாரப் படிகம் பத்து இலட்சத்தில் 40 பங்கு பிசகினாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை நொடி விலகும். அண்டைக் கணுக்களோடு அடிக்கடி பேசினால்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்ள முடியும். பேசாமல் மிச்சப்படுத்திய ஆற்றல் நேரத் துல்லியத்தில் கழிந்துவிடுகிறது.

எத்தனை தாவல் நல்லது?

தொலைவு கூடக்கூட அனுப்பும் ஆற்றல் தொலைவின் இருபடியாகவோ அதற்கும் மேலாகவோ உயரும் என்பது இயற்பியல். எனவே நீண்ட தாவலைவிடக் குறுந்தாவல்கள் சிக்கனம் என்று பாடநூல்களில் காணலாம். இது பாதி உண்மை. 2000-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் பயன்படுத்திய புகழ்பெற்ற மாதிரியில், ஒரு பிட்டை அனுப்பவோ வாங்கவோ மின்சுற்றுக்கு 50 நானோ ஜூல் ஆகும். அதனுடன் அனுப்புபவர் தொலைவின் இருபடிக்கு ஏற்ப, சதுர மீட்டருக்கு 0.1 நானோ ஜூல் கூடுதலாகச் செலவிட வேண்டும்.

100 மீட்டரை ஒரே தாவலில் கடந்தால் 50 + 1000, அதாவது 1050 நானோ ஜூல். (தளநிலையம் மின் இணைப்பில் இருப்பதால் அது வாங்கும் செலவைச் சேர்க்கவில்லை.) நடுவில் ஒரு கணு வைத்து இரண்டு தாவலாக்கினால் 650. மூன்று தாவலில் சுமார் 583. இதுவரை இலாபம். நான்கு தாவலில் 600-ஆக மீண்டும் ஏறத் தொடங்கும். பத்துத் தாவலாக்கினால்? 1050. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம். ஒவ்வொரு இடைக்கணுவும் வாங்கவும் கொடுக்கவும் செலவிடும் நிலையான 50-கள் சேர்ந்து, தொலைவில் மிச்சமானதை விழுங்கிவிடுகின்றன. மாணவர்கள் இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் வளைவின் அடிமட்டம் எங்கே என்று தெளிவாகும்.

உண்மைக் கருவிகளில் நிலைமை இன்னும் கடுமை. டிமோட் ஸ்கையின் ரேடியோச் சில்லில் அலையின் திறனை முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தாலும், மின்னோட்டம் 17.4-லிருந்து 8.5 மில்லி ஆம்பியருக்குத்தான் இறங்கும். குரலைத் தாழ்த்துவதால் கிடைக்கும் இலாபம் பாதிதான்.

தாவல் பெருகினால் நம்பகமும் குறையும். ஒரு தாவலில் பத்தில் ஒன்பது பொதிகள் ஒழுங்காகச் சேர்கின்றன என்றால், ஆறு தாவலுக்குப்பின் சேர்வது 53 விழுக்காடு மட்டுமே. சேராதபோது ஒரே ஒருமுறை மறுபடி அனுப்பலாம் என்று அனுமதித்தால் அது 94 விழுக்காடாக உயரும். இரண்டு முறை அனுமதித்தால் 99-ஐத் தாண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு பத்து, பதினொரு விழுக்காடுதான். இத்துறையில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் தரம் வேறொன்று இல்லை எனலாம். ஆனால் தாவலின் வெற்றி ஐம்பது விழுக்காடாக இருந்தால் ஒருமுறை மறு அனுப்புதலுக்குப் பின்னும் ஆறு தாவலைக் கடப்பது 18 விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே திரும்பத்திரும்ப அனுப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். வேறு வழியைத் தேட வேண்டும். எந்த வழியில் மொத்தம் எத்தனை முறை அனுப்ப நேரிடும் என்று மதிப்பிட்டு, அது குறைந்த வழியைத் தேர்வது இப்போது பரவலான நடைமுறை.

அருகில் இருப்பவரின் சுமை

தளநிலையத்தைச் சுற்றிச் சம அகலமுள்ள ஐந்து வளையங்களில் கணுக்கள் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்வோம். உள்வளையத்தின் பரப்பு மொத்தப் பரப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எல்லாச் செய்தியும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். எனவே உள்வளையக் கணு ஒவ்வொன்றும் தன்னுடையதையும் சேர்த்து 25 செய்திகளைச் சுமக்கிறது. விளிம்பில் உள்ளது ஒன்றை மட்டும் அனுப்புகிறது. உள்வளையம் முதலில் அணையும். அதன்பின் வெளியே உள்ள கணுக்களின் மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பயனில்லை. இதை ஆற்றல் துளை என்பர்.

இந்தச் சுமையைப் பகிர்வதற்கு 2000-ல் முன்வைக்கப்பட்டது லீச் நெறிமுறை. வெண்டி ஹைன்செல்மன், ஆனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோர் இதை வகுத்தனர். இவர்களுள் ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் பயின்றவர். இதில் கணுக்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு தலைமைக் கணுவை வைத்துக்கொள்ளும். உறுப்புக் கணுக்கள் தலைமையிடம் மட்டும் பேசும். தலைமை அவற்றைத் தொகுத்துத் தளநிலையத்துக்கு நேராக அனுப்பும். தலைமைப் பொறுப்பு செலவு மிக்கது என்பதால் சுற்றுக்குச் சுற்று மாறும். பின்னர் வந்த நூற்றுக்கணக்கான குழுமுறை நெறிமுறைகளுக்கு இதுவே தாய். எல்லாக் கணுவும் தளநிலையத்தை நேராக எட்டும் என்ற அதன் அனுமானம் பெரிய மலைச்சரிவிலோ காட்டிலோ பொருந்தாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிப்பது நல்லது. ‘வலையமைப்பின் ஆயுள்’ என்று எழுதும்போது சிலர் முதல் கணு அணையும் நாளைக் குறிக்கின்றனர். சிலர் பாதிக் கணுக்கள் அணையும் நாளையும், சிலர் கடைசிக் கணு அணையும் நாளையும் குறிக்கின்றனர். ஒரே வலையமைப்புக்கு இம்மூன்றும் வெவ்வேறு விடை தரும். பயன்படுத்துபவருக்கு வேண்டியதோ இம்மூன்றும் அல்ல. தனக்குத் தேவையான பரப்பிலிருந்து தேவையான தரத்தில் தரவு எந்த நாள் வரை வரும் என்பதே அவர் கேள்வி. இந்த நான்காவது விடையைச் சொல்லாத ஒப்பீடுகளை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும்.

தொகுத்து அனுப்புவதிலும் இதே போன்ற சறுக்கல் உண்டு. இருபது கணுக்களின் வெப்ப அளவைச் சராசரியாக்கி ஒரே எண்ணாக அனுப்பினால் ஆற்றல் மிகவும் மிச்சம். ஆனால் பத்தொன்பது இடத்தில் 25 பாகையும் ஓரிடத்தில் 65 பாகையும் இருந்தால் சராசரி 27. தீப்பிடித்த இடம் அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். உயர்ந்தபட்ச அளவையும் சேர்த்து அனுப்பியிருந்தால் சில பைட்டுகளே கூடியிருக்கும்.

ஓர் எரிமலையில் நடந்தது

எக்குவடோர் நாட்டின் ரெவெந்தடோர் எரிமலையில் 2005-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர் பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து 16 கணுக்களை வைத்தனர். 19 நாள் அவை இயங்கின. நில அதிர்வையும் காற்றில் வரும் ஒலியையும் நொடிக்கு 100 முறை அளக்க வேண்டும். இவ்வளவு தரவையும் பல தாவல் வழியே உடனுக்குடன் அனுப்ப ரேடியோவால் இயலாது.

எனவே ஒரு நடுவழி வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கணுவும் தன் நினைவகத்தில் கடந்த சுமார் இருபது நிமிடத் தரவை வைத்துக்கொண்டு பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அதிர்வு வழக்கத்தைவிடத் திடீரென உயர்ந்தால் ‘ஏதோ நடக்கிறது’ என்ற சிறு செய்தியை மட்டும் அனுப்பும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக் கணுக்கள் ஒரே சமயத்தில் அப்படிச் சொன்னால், தளநிலையம் ஒவ்வொரு கணுவிடமிருந்தும் கடைசி ஒரு நிமிடத் தரவை முழுமையாகக் கேட்டு வாங்கும். வெறும் நாளில் ரேடியோவுக்கு வேலை குறைவு, எரிமலை குமுறும்போது முழுத் தரம்.

229 நிகழ்வுகள் பதிவாயின. அதற்குக் கொடுத்த விலையும் பதிவாயிற்று. தரவை அனுப்பும்போது கணுக்கள் அளப்பதை நிறுத்திவைத்தன. ஒரு சிறு குமுறலின் தரவை இறக்கிக்கொண்டிருக்கும்போது அடுத்து ஒரு பெரிய குமுறல் வந்தால் அது கைநழுவிவிடும். நேர ஒத்திசைவு அவ்வப்போது குலைந்ததால், பதிவான அதிர்வுகள் எந்த நொடியில் நிகழ்ந்தவை என்பதைப் பின்னர் தனிக் கணக்கீட்டால் மீட்க வேண்டியிருந்தது. பொதிகள் எத்தனை வந்தன என்ற அளவுகோலில் தேறும் வலையமைப்பு, நிலவியலாளரின் அளவுகோலில் திருத்தம் இல்லாமல் தேறியிருக்காது. வலையமைப்பு செயலிழந்திருந்த நேரத்துக்குப் பெருங்காரணம் கணுக்களின் மின்கலம் அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. மென்பொருள் பிழையும், தளநிலையம் இருந்த கட்டடத்தின் மின்வெட்டுமே முதன்மைக் காரணங்கள். மலைமேல் மைக்ரோ ஆம்பியர்களை எண்ணி எண்ணிச் செலவிட்டபோது, அடிவாரத்தில் சுவர்ச்செருகியில் மின்சாரம் நின்றுபோயிற்று.

அதே பல்கலைக்கழகத்தினர் 2008-ல் வெளியிட்ட லான்ஸ் என்ற அமைப்பு இப்பட்டறிவின் தொடர்ச்சி. அதில் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு மதிப்பும், அதைக் கொண்டுவர எல்லா இடைக்கணுக்களிலும் ஆகும் ஆற்றல் விலையும் கணக்கிடப்படும். வலையமைப்பு இத்தனை நாள் தாங்க வேண்டும் என்ற வரம்புக்குள், விலைக்கு மேற்பட்ட மதிப்புள்ளவை முதலில் வரவழைக்கப்படும். மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்பவர் நிலவியலாளர், பொறியாளர் அல்லர். ஆற்றலையும் தரத்தையும் தனித்தனி எண்களாகப் பார்க்காமல், ஒரே கணக்குக்குள் கொண்டுவந்த முயற்சி இது.

மூணாறு மலைச்சரிவு

கேரளத்தின் மூணாற்றில், முன்பே நிலச்சரிவு கண்ட அந்தோணியார் காலனிப் பகுதியில், அமிர்தா பல்கலைக்கழகம் நிலச்சரிவை முன்னறியும் கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவியது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தேயிலைத் தோட்டப் பகுதி இது. தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு இறக்கிய குழாய்களில், மண்ணின் துளைகளுக்குள் உள்ள நீரின் அழுத்தம், மண் நகர்வு முதலியவற்றை அளக்கும் உணரிகள் பொருத்தப்பட்டன. 2009-ன் மழைக்காலத்தில் இவ்வமைப்பின் அளவுகளைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

மலைச்சரிவில் பெரும்பாலான நாட்கள் எதுவும் நடப்பதில்லை. வறண்ட மாதங்களில் அடிக்கடி அளப்பது வீண்செலவு. மழை தொடர்ந்து பெய்து நீரழுத்தம் ஏறத் தொடங்கினால் நிலை மணிக்கு மணி மாறும். ஆகவே வரம்புகளை வகுத்து, ஒவ்வொரு வரம்பைத் தாண்டும்போதும் அளக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவது இங்கு இயல்பான வழி. ஆண்டில் பெரும்பகுதி கஞ்சத்தனம், சில நாட்கள் தாராளம்.

சூரியத் தகடு வைத்து மின்கலத்தை நிரப்பலாமே என்றால், அதிலும் ஒரு முரண் உண்டு. தென்மேற்குப் பருவமழையின்போதுதான் கணுக்கள் மிகுதியாக உழைக்க வேண்டும். அப்போதுதான் மேகம் மூடி வெயில் குறைவாக இருக்கும். வெயில் காலத்துச் சராசரியை வைத்து மின்கலத்தைத் தேர்ந்தெடுத்தால், தேவைப்படும் வாரத்தில் அது கைவிடும். இத்தனை நாள் வெயிலே இல்லாமல், மிகக் குறுகிய இடைவெளியில் அளந்தாலும் தாங்க வேண்டும் என்று எண்ணிக் கணக்கிடுவதே சரி.

செய்தி மலையை விட்டு வெளியே போகும் கடைசிக் கட்டத்தையும் தரத்தில் சேர்க்க வேண்டும். மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நேர்ந்த நிலச்சரிவில் ஏறத்தாழ 70 பேர், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும், உயிரிழந்தனர். கனமழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்திருந்ததால் செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலையாயிற்று. இத்தகைய இடத்தில் வைக்கப்படும் கணுக்கள் எத்தனை தாவலைக் கடந்து எவ்வளவு சிக்கனமாகத் தளநிலையத்தை அடைந்தாலும், தளநிலையத்திலிருந்து ஊருக்கும் அதிகாரிகளுக்கும் போகும் வழி செல்பேசிக் கோபுரம் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால், முழு அமைப்பின் நம்பகமும் அந்தக் கோபுரத்தின் நம்பகமே. அந்த வழிக்கு மாற்றாக ஒரு செயற்கைக்கோள் இணைப்பு வைப்பது ஆற்றலில் மிகச் செலவு மிக்கது. ஆண்டில் ஓரிரவு மட்டும் அது தேவைப்படலாம்.

இன்றைய நிலை

இப்போது பரவிவரும் லோராவேன் போன்ற நெடுந்தொலைவுத் தொழில்நுட்பங்களில் பல தாவலுக்குப் பதிலாகக் கணு நேராக நுழைவாயிலோடு பேசுகிறது. ஆற்றல்-தர இழுபறி அங்கும் நீங்கவில்லை, வகுப்புகளாக எழுதி வைக்கப்பட்டுள்ளது. ஏ வகுப்புக் கருவி தான் ஒரு செய்தி அனுப்பியபின் சிறிது நேரம் மட்டும் பதிலுக்குக் காத்திருக்கும். மற்ற நேரத்தில் அதை யாரும் எழுப்ப முடியாது. தண்ணீர் மீட்டருக்கு இது போதும், மின்கலம் பல ஆண்டு வரும். பி வகுப்பு குறித்த நேரங்களில் விழித்துக் கேட்கும். சி வகுப்பு ஏறக்குறைய எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். தெருவிளக்குப் போல மின் இணைப்பு உள்ளவற்றுக்கே அது பொருந்தும். வாங்கும்போது பெட்டியின்மேல் உள்ள ‘பத்தாண்டு மின்கலம்’ என்ற சொற்களோடு எந்த வகுப்பு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு செய்தி என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றைக் கருவி வாங்காமலே செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்குக் கான்டிகி-என்ஜி இயங்குதளமும் அதனுடன் வரும் கூஜா என்ற போலச்செய் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கணுவின் நுண்கட்டுப்படுத்தியும் ரேடியோவும் எவ்வளவு நேரம் எந்த நிலையில் இருந்தன என்று கணக்கிட்டுத் தரும் எனர்ஜெஸ்ட் என்ற பகுதி அதில் உண்டு. இருபது கணுக்களை வரிசையாக வைத்து, விழிக்கும் இடைவெளியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொரு முறையும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளலாம்: கடைசிக் கணுவின் செய்தி தளநிலையத்தை அடைய ஆன நேரம், சேராமல் போன பொதிகள், தளநிலையத்துக்கு அடுத்திருக்கும் கணுவின் செலவு. சராசரிக் கணுவின் செலவைக் குறிப்பதைவிட அந்த ஒரு கணுவின் செலவைக் குறிப்பதே பயன் தரும். வலையமைப்பு நிற்கும் நாளைத் தீர்மானிப்பது அதுதான்.